எல்லா நாளும் வந்தவள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் திங்கள், செவ்வாய் என்கிற கிழமைகள் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. "இன்னைக்கு என்ன நாள்?" என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில், "உலகக் கை கழுவும் நாள் சார்!" என்பார்கள். முந்தின நாள் கொசு ஒழிப்பு நாள். அதற்கும் முந்தின நாள் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் நாள். வகுப்பில் அப்படி ஒருவரும் இல்லாததால் அன்றைக்கு எல்லோரும் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இடது கையால் அட்டை பிடித்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. ஒரு பேரும் இல்லாத நாள் வாராவாரம் எதற்கு வருகிறது என்று ஒருத்தி கேட்டபோது வாத்தியாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் விவரம் போதாதவர் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். கொள்ளட்டும், பெரிய தப்பில்லை. பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் தன் வேலை என்ற நினைப்போடு அவர் இந்த உத்தியோகத்துக்கு வந்தார். எத்தனையோ பயிற்சி முகாம்களுக்கு அனுப்பிப் பார்த்தும் அந்த நினைப்பை அவரிடமிருந்து முழுசாகக் கழற்ற முடியவில்லை. காலையில் முதல் வகுப்பு வாசிப்பு வகுப்பு என்று கால அட்டவணையில் இன்னும் இருந்தது. அதன் மேல்தான் நாட்கள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

விதிமுறை எளிமையானதுதான். ஒவ்வொரு நாளையும் பிள்ளைகளோடு கொண்டாடி, காலை இடைவேளை மணி அடிப்பதற்குள் போட்டோவைக் கல்வித் துறையின் செயலியில் ஏற்ற வேண்டும். அட்டையில் உள்ள வாசகம் தெளிவாகத் தெரிய வேண்டும். கையால் எழுதியது செல்லாது, கடையில் அச்சடித்து ஒட்டியதாக இருக்க வேண்டும். முகங்கள் தெரிய வேண்டும். முகத்தில் உணர்ச்சி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் செயலி போட்டோவைச் சிவப்புக் கட்டத்துக்குள் போட்டு, 'மகிழ்ச்சி போதவில்லை' என்று திருப்பி அனுப்பும். சாலை விபத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாளன்று 'மகிழ்ச்சி அதிகம்' என்று திருப்பியது. அதைக் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் பல் பாதுகாப்பு நாள், பிள்ளைகளுக்கு வாய் இன்னும் மூடியிருக்கவில்லை.

கை கழுவும் நாளன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர்ச் சிக்கன நாளுக்காக மூடிய வால்வைத் திறக்க மறந்துவிட்டார்கள். திறக்கும் சாவியை வைத்திருந்த ஆள், ஆற்றைக் காப்போம் நாள் ஊர்வலத்துக்குப் போயிருந்தார். கடைசியில் தலைமையாசிரியையே முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துப் பிய்த்துப் பிள்ளைகளின் கையில் நுரை மாதிரி ஒட்டினார். செயலி முதல் தடவையிலேயே பச்சை காட்டியது. மதியம் பிள்ளைகள் கழுவாத கையோடு சாப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் குண்டூசி இருந்தாள். ஒல்லியான உடம்பு, அதன் மேல் உருண்டையாகச் சுருட்டைத் தலை, அதனால் வந்த பேர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் வருகைப் பதிவேடு தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான் அவள் பேர். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. மக்கு இல்லை. எழுத்துகளைத் தனித்தனியாக நன்றாகத் தெரியும். ம தெரியும், ர தெரியும், ம் தெரியும். மூன்றும் சேர்ந்தால் மரம் என்று அவளுக்குப் பிடிபடப் போகிற நேரத்தில்தான் கதவருகே யாராவது வந்து நிற்பார்கள்.

"சார், குண்டூசியைக் கொஞ்சம் அனுப்புங்க. அஞ்சாம் வகுப்புல யாருக்கும் சிரிப்பு வரலையாம்."

ஏனென்றால் குண்டூசி சிரித்தால் செயலிக்குப் பிடிக்கும். முன்பல் ரெண்டும் விழுந்த வாயை முழுசாகத் திறந்து கண்ணை இடுக்கி அவள் சிரிக்கிற சிரிப்பை அது ஒருநாளும் மறுத்ததில்லை. உம்மென்று இருக்கச் சொன்னால் அதிலும் கெட்டிக்காரி, கீழுதட்டைப் பிதுக்கினால் பார்க்கிறவர்களுக்கே தொண்டையை அடைக்கும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தலைமையாசிரியை அவளை எல்லா வகுப்புக்கும் பொதுவாக்கிவிட்டார். ஒன்றாம் வகுப்பில் முன்வரிசையில் நிற்பாள், அங்கிருந்து ஓடிப்போய் நாலாம் வகுப்பில் நடுவில் நிற்பாள். மூச்சிரைக்கத் திரும்பி வரும்போது வாசிப்பு வகுப்பு முடிந்து கணக்கு வகுப்பு பாதி ஓடியிருக்கும்.

வருஷ ஆரம்பத்தில் அவள் அம்மா ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். சலவைக் கடையில் துணி தேய்ப்பவள், கைக்குழந்தை ஒன்று இடுப்பில் இருந்தது.

"சார், எனக்குப் படிப்பு கிடையாது. கடையில என்ன எழுதிவெச்சுக் காட்டினாலும் தலையாட்டிட்டு வர்றேன். இவளாச்சும் படிக்கட்டும்னுதான் ரெண்டு வருஷமா அனுப்புறேன். ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்க மாட்டேங்கிறாளே சார்?"

"படிச்சிடுவாம்மா. கொஞ்சம் நேரம் குடுங்க."

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரே ஒரு பலகையைப் படிச்சுக் காட்டட்டும். காட்டினா எவ்வளவு கஷ்டப்பட்டாவது மேல படிக்க வெக்கிறேன். இல்லேன்னா வேலைக்கு அனுப்பிடுவேன். கோவிச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியல."

"நான் படிக்க வெக்கிறேன். நீங்க நிறுத்திடாதீங்க."

"வாக்குக் குடுக்கிறீங்களா சார்?"

"குடுத்துட்டேன்மா."

வாக்குக் கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அன்றைக்கு என்ன நாளென்று அவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் படாத பாடு இல்லை. மதிய இடைவேளையில் அவளை உட்கார வைத்தால், சத்துணவு நாள் என்று தட்டோடு கூட்டிப் போனார்கள். சாயங்காலம் உட்கார வைத்தால், நாளைய நாளுக்கு ஒத்திகை என்றார்கள். எழுத்தறிவு நாள் வந்தபோது அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. அலமாரியைத் திறந்து புதுப் புத்தகங்களை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். குண்டூசி முதல் பக்கத்தைத் திறக்கப் போனாள்.

"திறக்காதே, அழுக்காகும்," என்றார் தலைமையாசிரியை. "போட்டோவுக்கு மேலட்டை தெரிஞ்சாப் போதும்."

பச்சை வந்ததும் புத்தகங்களை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இந்த நிலைமையில்தான் நாளதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவருடைய முழுப் பதவிப் பேரைச் சொன்னால் இந்தக் கதையில் பாதி போய்விடும். உலகத்தில் உள்ள எல்லா விழிப்புணர்வு நாட்களையும் வட்டாரத்துப் பள்ளிகளில் ஒருங்கிணைக்கிற அலுவலர் அவர். ஆசிரியர்களை உட்கார வைத்து நெடுநேரம் பேசினார்.

"நாங்க படிச்ச காலத்துல வருஷத்துக்கு ரெண்டு விழாதான். மத்த நாளெல்லாம் பாடம், பாடம், பாடம்! அதனாலதான் எங்க தலைமுறைக்கு விழிப்புணர்வே இல்ல. ஓசோன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்கு இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் தெரியும். அது என்னன்னு கேட்டா இப்பவும் சரியாத் தெரியாது. ஆனா அதோட தேதி தெரியும். தேதி தெரியுது பாருங்க, அதுக்குப் பேர்தான் விழிப்புணர்வு."

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாம் வகுப்பு வாத்தியார் எழுந்தார். தலைமையாசிரியை அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை அவர் கவனிக்கவில்லை.

"சார், காலையில ஒரு வகுப்பு மட்டும் வாசிக்கிறதுக்கு விட்டுட்டீங்கன்னா நல்லாருக்கும். பிள்ளைங்களுக்கு அட்டையைப் பிடிக்கத் தெரியுது, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியல."

நாளதிகாரி பொறுமையானவர், கோபப்படவில்லை.

"நல்ல கேள்வி. ஆனா யோசிச்சுப் பாருங்க சார். அட்டையை எதுக்குப் பிடிக்கிறோம்? எதிர்ல இருக்கிறவங்க படிக்கிறதுக்கு. பிடிக்கிறவன் படிச்சு என்ன ஆகப்போகுது? அப்புறம், படிப்புன்னு சொன்னீங்க. அதுக்குன்னு தனியா ஒரு நாளே இருக்கே. அன்னைக்குப் படிக்கட்டும். ஒரு நாளுக்காக மத்த நாளையெல்லாம் வஞ்சிக்கலாமா?"

வாத்தியார் உட்கார்ந்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அன்று முழுக்க நொந்துகொண்டார். ஆனால் அன்றைக்குத்தான், பிள்ளைகள் போன பிறகு காலி வகுப்பில் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவருக்கு அந்த யோசனை வந்தது. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

செயலி போட்டோவை எப்போது ஏற்றுகிறோம் என்றுதான் பார்த்தது. எப்போது எடுத்தது என்று பார்க்கவில்லை. அப்படியானால், வருஷத்தில் மிச்சமிருக்கிற எல்லா நாளுக்கும் ஒரே சனிக்கிழமையில் போட்டோ எடுத்துவிட்டால்? தினம் காலையில் ஒன்றை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மரம், படம், பாடம் என்று நிம்மதியாகச் சொல்லிக்கொடுக்கலாமே?

தலைமையாசிரியை முதலில் பயந்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு அது தன்னுடைய யோசனைதான் என்று நம்பிவிட்டார். அட்டைக் கடைக்கு ஒரே தடவையில் வருஷத்துக்கான ஆர்டர் போனது. கடைக்காரர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாராம்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். குண்டூசிக்கு ஒற்றைச் சடை, இரட்டைச் சடை, விரித்த தலை, தொப்பி என்று ஆளுக்கு ஒரு வேஷம் கட்டினார்கள். மழை நாளுக்கு ரெண்டு பையன்கள் மேசை மேல் ஏறிச் செம்பால் தண்ணீர் தெளித்தார்கள். குளிர் நாளுக்குத் தலைமையாசிரியையின் கம்பளிச் சட்டை வந்தது. சோகமான நாட்களை மட்டும் தனியாகப் பிரித்து, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து, பசி வந்த பிறகு எடுத்தார்கள். முகங்கள் தானாகப் பொருந்தின. குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளுக்கான அட்டையைக் குண்டூசிதான் பிடித்திருந்தாள். 'வேலை வேண்டாம், பள்ளி வேண்டும்' என்று அதில் இருந்தது. கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவள் நின்ற நிற்பைப் பார்த்துத் தலைமையாசிரியை மூக்கைச் சிந்தினார்.

"சார், இனிமே தினம் படிப்பா?" என்று கிளம்பும்போது குண்டூசி கேட்டாள்.

"தினம் படிப்புதான். திங்கக்கிழமை முதல் ஆளா வந்துடு."

திங்கட்கிழமை வாத்தியார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஏற்ற வேண்டிய போட்டோவை ஏற்றினார், பச்சை வந்தது. கதவைச் சாத்தினார். கரும்பலகையில் மரம் என்று பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். குண்டூசியின் இடம் காலியாக இருந்தது.

காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். மற்ற பிள்ளைகள் தட்டுத்தடுமாறி வாசிக்க ஆரம்பித்தார்கள், அதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் யாருக்காக இவ்வளவும் செய்தாரோ அவள் வரவில்லை என்பது சட்டைக்குள் போன முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. வாரம் முடிந்ததும் தலைமையாசிரியையிடம் போனார்.

"மேடம், குண்டூசி வரல. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பாக்கணும்."

தலைமையாசிரியை செயலியைத் திறந்தார். "யார் வரலன்னீங்க? இதோ இருக்காளே, முன்வரிசையில ரெண்டாவது. நல்லாச் சிரிச்சிருக்கா."

"மேடம், அது அன்னைக்குச் சனிக்கிழமை நாமதானே..."

"சார், மெதுவாப் பேசுங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு எப்போதோ வாத்தியார்கள் கையை விட்டுப் போயிருந்தது. போட்டோவில் இருக்கிற முகங்களைப் பார்த்துச் செயலியே யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும். குண்டூசியோ எல்லாப் போட்டோவிலும் இருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே ஒருநாளும் தவறாமல் வருகிற மாணவி யாரென்றால், வராமல் இருந்த அவள்தான்.

வாத்தியார் சும்மா விடவில்லை. ஒருநாள் காலை, இருப்பில் உள்ள போட்டோவைத் தொடாமல், வந்திருந்த பிள்ளைகளை மட்டும் நிற்க வைத்துப் புதிதாக எடுத்தார். 'மகிழ்ச்சி போதவில்லை' என்றது செயலி. வேடிக்கை காட்டினார், கரணம்கூடப் போட்டார். மகிழ்ச்சி போதவில்லை. இடைவேளை மணி அடிக்கப் போகிற சமயத்தில் தலைமையாசிரியை வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து சனிக்கிழமை போட்டோவை ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

சாயங்காலம் அவரே நேராகக் குண்டூசியின் வீட்டுக்குப் போனார். அம்மா அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள்.

"அட்டைக் கடையில இருக்கா சார். நம்ம தெருக்காரர்தான் கடை வெச்சிருக்கார். திடீர்னு எல்லாப் பள்ளிக்கூடமும் மொத்த மொத்தமா ஆர்டர் குடுத்துட்டாங்களாம், கை பத்தல, சின்ன விரல்னா ஒட்டுறதுக்கு வசதின்னு கேட்டார். அனுப்பினேன்."

 தலைமையாசிரியை தன் யோசனையைப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தது வாத்தியாருக்குத் தெரியும்.

"வருஷம் முடியட்டும்னுதானேம்மா சொன்னீங்க? நான் வாக்குக் குடுத்தேனே?"

"பள்ளிக்கூடத்தை எங்க சார் நிறுத்தினேன்?" என்று அவள் போனை நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லியிருந்தார். 'தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வந்திருந்தார். மகிழ்ச்சியாக இருந்தார்.' செயலியிலிருந்து தினம் ஒன்று வீதம் வரிசையாக வந்திருந்தது. "வேலையும் பாக்குறா, பள்ளிக்கூடத்துக்கும் வந்த மாதிரி ஆகுது. உங்க புண்ணியம்தானே இது? நீங்க நல்லா இருக்கணும் சார்."

அவள் கிண்டல் செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதற்குப் பதில் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

படிப்பை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர வேண்டியது நாளதிகாரியின் அலுவலகம்தான். அங்கே அதற்கென்று ஒரு தனி மேசை உண்டு. வாத்தியார் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் நின்றார். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் குண்டூசி இருந்தாள். வேலை வேண்டாம், பள்ளி வேண்டும். அந்தப் போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள்.

"பாத்தீங்களா, உங்க பொண்ணு! வட்டாரம் முழுக்க இந்தச் சுவரொட்டிதான் போகப்போகுது," என்றார் நாளதிகாரி.

"சார், அந்தப் பொண்ணுதான் சார் வேலைக்குப் போகுது."

நாளதிகாரி செயலியைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். "வராத பிள்ளையைத்தான் சார் நாங்க மீட்க முடியும். இவ தினம் வர்றாளே. வராத குழந்தை எப்படிச் சிரிக்கும்?"

அப்போதுதான் வாத்தியார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சனிக்கிழமை, சட்டை மாற்றியது, செம்புத் தண்ணீர், கம்பளிச் சட்டை, பசி வரும்வரை காத்திருந்தது. "எல்லாம் என் யோசனை சார். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, பரவால்ல. அவளை மட்டும் வரலைன்னு எழுதிக்குங்க."

 நாளதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் கோபம் இல்லை, என்னவோ ஒரு வெளிச்சம் இருந்தது.

"எல்லா நாளையும் ஒரே நாள்லயா?"

"ஆமா சார்."

"பிள்ளைங்க ஒத்துழைச்சாங்களா?"

"சார், நான் சொல்றது..."

"சார், இத்தனை வருஷமா நாங்க நாளைத் துரத்திக்கிட்டு ஓடுறோம். நீங்க நாளையே முந்திட்டீங்க. கொண்டாடினாத்தான் போட்டோ. போட்டோ இருக்கு, அப்போ கொண்டாடியாச்சு. எப்போங்கிறதெல்லாம் சின்ன விஷயம். இதை வட்டாரம் முழுக்கக் கொண்டுவர்றேன். வருஷ ஆரம்பத்துலயே மொத்தத்தையும் எடுத்து முடிச்சிடணும். அப்புறம் காலை நேரம் எவ்வளவு மிச்சம்!"

வாத்தியார் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்ததாக நினைத்தார். "ஆமா சார், அந்த நேரத்துல வாசிப்பு..."

"அந்த நேரத்துல அடுத்த வருஷத்து நாட்களை ஆரம்பிச்சிடலாம். அந்தப் பொண்ணு விஷயத்துல நீங்க ரொம்ப மனசை அலட்டிக்கிறீங்க. ஆசிரியர் மனநல நாள் வருது, நல்லா ஓய்வு எடுத்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க."

வருஷக் கடைசியில் விழா நடந்தது. முன்கூட்டியே கொண்டாடும் முறையைக் கண்டுபிடித்த பள்ளி என்று தலைமையாசிரியைக்குக் கேடயம் கொடுத்தார்கள். எல்லா நாளும் பள்ளிக்கு வந்த மாணவி என்று குண்டூசியின் முழுப் பேரையும் மைக்கில் அழைத்தார்கள். மேடைக்கு யாரும் வரவில்லை. "கூட்டத்தைப் பாத்துக் கூச்சப்படுறா போல," என்றார் நாளதிகாரி. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். சான்றிதழை வகுப்பு ஆசிரியர் பெற்றுக்கொண்டார்.

அதை எடுத்துக்கொண்டுதான் அவர் அட்டைக் கடைக்குப் போனார். தினமும் அந்தப் பக்கம் போகாமல் சுற்று வழியில் நடந்துகொண்டிருந்தவர் அவர். இன்றைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, அடுத்த வருஷத்துக்கான ஆர்டரும் அவர் கையில்தான் கொடுத்திருந்தார்கள்.

"வாங்க சார், வாங்க," என்று கடைக்காரர் எழுந்தார். "உங்க புண்ணியத்துல தொழில் ஓகோன்னு போகுது. உள்ள போய்ப் பாருங்க, உங்க பொண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு."

உள்ளே பசை வாடை மூக்கில் ஏறியது. கூரை வரைக்கும் அட்டைகள் அடுக்கியிருந்தன. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து குண்டூசி தன் முகத்தையே அட்டைகளில் ஒட்டிக்கொண்டிருந்தாள். சுவரொட்டியின் சின்ன வடிவம். பசையைத் தடவி, தாளை வைத்து, உள்ளங்கையால் நீவி, பின்பக்கம் குச்சியை வைத்து அமுக்கி, அடுத்தது. விழுந்த முன்பல் இரண்டும் பாதி முளைத்திருந்தன.

"சார்!" என்று துள்ளி எழுந்தாள். கை முழுக்கப் பசை. "சார், எனக்கு இப்ப படிக்க வரும் சார்!"

"நிஜமாவா?"

"வெவ்வேற நாளெல்லாம் கலந்து வரும் சார், பிரிச்சு அடுக்கணும். முதல்ல படத்தைப் பாத்துப் பிரிச்சேன். படம் இல்லாததும் வந்துச்சு. முதலாளியைக் கேட்டா எரிஞ்சு விழுவார். அதான் படிச்சுட்டேன்." அவள் ஒவ்வொரு கட்டாகத் தொட்டுக் காட்டினாள். "தண்ணீரைச் சேமிப்போம். மரம் நடுவோம். இது, வேலை வேண்டாம், பள்ளி வேண்டும்." தடங்கல் இல்லாமல் படித்தாள். மரம் என்கிற சொல்லில் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

 "அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினியா?"

"நம்ம கடைப் பலகையையே படிச்சுக் காட்டினேன் சார். அம்மா அழுதாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல எல்லாம் சொன்னாங்க, வேலைக்கு அனுப்பினதும் பிள்ளைக்குப் படிப்பு வந்துடுச்சுன்னு. தம்பியையும் நடக்க ஆரம்பிச்சதும் இங்கேயே விட்டுடலாம்னு இருக்காங்க."

பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடு என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார். வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்தால் அங்கே என்ன கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்ல அவரிடம் இப்போது ஒன்றும் இல்லை. சான்றிதழை எடுத்து நீட்டினார்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். தன் முழுப் பேரை விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் படித்தாள். பிறந்ததிலிருந்து அவள் பேரை அவளே படிப்பது அதுதான் முதல் தடவை. பிறகு, "எல்லா நாளும் பள்ளிக்கு வந்த மாணவி," என்று படித்துவிட்டுத் தலையாட்டினாள். அதில் அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் எழவில்லை. ஒரு நாளில் எத்தனையோ வாசகம் அவள் கையைத் தாண்டிப் போகிறது. எழுதியிருப்பது நடக்கிறதா என்று பார்ப்பது ஒட்டுகிறவர்களின் வேலை இல்லை.

"இதுக்கும் குச்சி ஒட்டணுமா சார்?"

வேண்டாம் என்று அவர் வாய் திறப்பதற்குள் பசையைத் தடவிவிட்டாள். அட்டை மேல் வைத்து நீவினாள், திருப்பிக் குச்சியை வைத்து அமுக்கினாள். கை அவ்வளவு வேகமாகப் போனது.

"காயறவரைக்கும் கீழ வெக்கக் கூடாது சார், குச்சி விலகிடும். நேராப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

வாத்தியார் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடி உட்கார்ந்து தன் முகத்தை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். நாலைந்து அட்டை முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் அப்படி நின்றால் ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"சார், சிரிங்க," என்றாள்.

வாத்தியார் சிரித்தார்.